ஆரஞ்சுத் தட்டு

அந்த மீனைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இதோட மீதி எங்கே?"

கேட்பதில் தப்பில்லை. பலகையில் சூரியமீன் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிதந்து வருவது ஒரு பிரம்மாண்டமான தலை மட்டும். வால் கிடையாது. வால் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ அவசரமாகக் கத்தரித்துவிட்டு ஓரம் மடித்துத் தைத்த மாதிரி ஒரு விளிம்பு. மேலே ஒரு நெடிய துடுப்பு, கீழே ஒரு நெடிய துடுப்பு. இரண்டையும் சேர்ந்தாற்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டு, மூடவே தெரியாத வாயோடு அது வரும். அதனால் அந்த மீன் காட்சியகத்தில் வேலை பார்ப்பவர்கள் அதற்குப் 'பாதி' என்று பேர் வைத்துவிட்டார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அது பாதிதான்.

பாதிக்குத் தீனி கொடுக்கிறவளை எல்லாரும் தீனியக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடமாகப் பின்கட்டு அறையில் நின்றபடி கணவாயும் இறாலும் நறுக்கியதில் கையில் ஏறிய வாடை எந்த சோப்புக்கும் மசியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ரெண்டு சீட்டுக்கு நான்தான் ராணி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குச் சிரிப்பு வராது. தொட்டிக்குள் இறங்கிக் கண்ணாடி துடைக்கிறவன் அவளுடைய தம்பி. கூடப் பிறந்த ஒரே ஆள். துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவனை, அது உயிருக்கு உலை வைக்கிற வேலை, இங்கே வெறும் கண்ணாடிதான் என்று வம்படியாக இழுத்துக்கொண்டு வந்தவள் அவள். அவன் பெண்டாட்டியிடம், என் கண் முன்னாலேயே இருப்பான், நீ நிம்மதியாகத் தூங்கு என்று வாக்கும் கொடுத்திருந்தாள். அந்த வாக்கு ஒவ்வொரு நாள் காலையிலும், அவன் ஏணியில் இறங்கித் தலை தண்ணீருக்குள் மறையும் நேரத்தில், அவள் நெஞ்சில் வந்து உட்காரும். அவன் திரும்ப மேலே வந்து முகமூடியைக் கழற்றினால்தான் எழுந்து போகும்.

தம்பியை எல்லாரும் முங்கி என்றார்கள். இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பன், நாற்பது வயதுக்காரன், தண்ணீருக்கு வெளியே இருக்கும்வரை வாய் ஓயாதவன். மூச்சடக்குவதில் பெரிய ஆள். டிக்கெட் கிழிக்கிறவரோடு ஒரு டீக்குப் பந்தயம் கட்டி, தண்ணீர்ப் பீப்பாய்க்குள் தலையை விட்டு இரண்டரை நிமிடம் இருந்தான். தலையை வெளியே எடுத்ததும் அவன் கேட்ட முதல் வார்த்தை, டீயில் சர்க்கரை போட்டாச்சா என்பதுதான்.

பாதி இங்கே வந்து பதினாலு மாதம் ஆகிறது. மீன்பிடி வலையில் தவறிச் சிக்கி வந்தபோது அது கார் டயர் அகலம்தான் இருந்தது. அப்போதே டாக்டரம்மா, அதாவது மீன்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர், எல்லாரையும் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். இந்த மீன் கரையோரத்து மீன் இல்லை. நடுக்கடலில் பிறந்து நடுக்கடலிலேயே திரிவது. வெளிச்சம் எட்டாத ஆழத்துக்குப் போய் ஜெல்லிமீன் தின்னும். அங்கே குளிர் எலும்பில் ஏறியதும் மேலே வந்து, ஒருக்களித்துப் படுத்து வெயில் காயும். அப்போது கடல் பறவைகள் வந்து அதன் தோலில் இருக்கும் பேன்களைக் கொத்தித் தின்னும். ஒரு தாய் மீன் போடும் முட்டை கோடிக்கணக்கில் இருக்கும். குஞ்சு பொரிக்கும்போது அரிசி மணி அளவு. அங்கிருந்து வளர்ந்து வளர்ந்து, ஒரு சிலது லாரி எடையைத் தொடும். இவ்வளவு பெரிய உடம்புக்கு மூளை மட்டும் நிலக்கடலை அளவு.

"முக்கியமா ஒண்ணு கேட்டுக்கங்க," என்றார் டாக்டரம்மா. "கடல்ல சுவர் கிடையாது. இதோட வம்சத்துல எதுவும் சுவரைப் பார்த்ததில்லை. முட்டிக்கிட்டா நிக்கணும்னு இதுக்குத் தெரியாது. பின்னால போகவும் வராது. முட்டிக்கிட்டே இருக்கும்."

அதனால்தான் தொட்டிக்குள் திரை கட்டினார்கள். வட்டமான தொட்டி, மூன்று ஆள் ஆழம். சுவரிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, சுற்றிலும் உள்ளே தெரிகிற கனமான பிளாஸ்டிக் திரையைக் கம்பியில் தொங்கவிட்டு, அடியில் ஈயக் குண்டுகள் கோத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். பாதி போய்ச் சாய்ந்தால் திரை நெகிழ்ந்து கொடுக்கும், மூக்கில் காயம் படாது, அதுவும் மெல்லத் திரும்பிக்கொள்ளும். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து. தினமும் திறப்பதற்கு முன்னால் முங்கி இறங்கித் துடைத்தது அந்தச் சந்துக்குள்தான்.

தீனிக்கும் ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. தொட்டியில் வேகமான சின்ன மீன்கள் நிறைய. பாதி அசைந்து அசைந்து வருவதற்குள் எல்லாவற்றையும் கொத்திக்கொண்டு போய்விடும். தீனியக்கா ஒரு நீளக் கம்பின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டப் பலகையை மாட்டி, பளிச்சென்று ஆரஞ்சு வண்ணம் அடித்தாள். கம்பின் மறுமுனையில், சுவரில் மாட்டி வைக்க ஒரு கொக்கி இருந்தது. அதைத் தண்ணீரில் இறக்குவாள். பாதி வந்து மூக்கை அதில் வைத்துக் காத்திருந்தால், அவள் கையாலேயே வாய்க்குள் கணவாய்த் துண்டுகளைத் திணிப்பாள். அது உறிஞ்சும், துப்பும், மறுபடி உறிஞ்சும், பிறகுதான் விழுங்கும். விழுங்கிவிட்டுத் திரும்பி ஒரு சுற்றுப் போய்விட்டு வரும். மூக்கை வை, காத்திரு, தின்னு, போ. இவ்வளவுதான் பாடம். இதைக் கற்றுக்கொடுக்க அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது.

கற்றுக்கொண்டதை அது மறக்கவில்லை. ஒரு நாள் தீனி வாளியை மறந்துவிட்டு வந்தவள், கம்பை மேடையின் கைப்பிடியில் செருகிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே குளிர்பெட்டிக் கதவு சிக்கிக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் வைத்த மூக்கை எடுக்காமல் அதே இடத்தில் நிற்கிறது பாதி. பதினோரு நிமிடம். அதை அவள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவன் மேற்குப் பக்கச் சந்தில் இறங்கினால், அவள் கிழக்குப் பக்க மேடையில் தட்டை இறக்குவாள். அவன் கிழக்குக்கு வந்தால் அவள் மேற்குக்குப் போவாள். அவன் வேலை முடியும்வரை பாதி எதிர்ப்பக்கத்தில் தின்றுகொண்டிருக்கும். முடித்து ஏணியில் ஏறியதும் அவன் இரும்புக் கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் தட்டை வெளியே எடுப்பாள். ஒரு வருடமாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

பிசகு வந்தது மீனின் உடம்பில். அது வளர்ந்த வேகத்தைப் பார்த்து எல்லாரும் முதலில் கை தட்டினார்கள். பிறகு அந்தக் கைதட்டல் மெல்ல நின்றது. நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. கார் டயர் வட்டமேசை ஆகி, வட்டமேசை கதவு ஆகி, இப்போது அரை டன். அது பக்கவாட்டில் திரும்பும்போது பார்க்க வருகிறவர்கள் நிற்கும் கூடத்தில் நிழல் விழுந்தது. திரையில் வந்து சாயும்போது திரை முன்பு போல நெகிழ்ந்து திருப்பி அனுப்பவில்லை, சுவர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. ஈயக் குண்டு கோத்த கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. முங்கி அறுந்ததை எல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தான்.

டாக்டரம்மா மூன்று முறை மேலாளரிடம் போனார். தொட்டிக்கு மேலே கூரையில் இருக்கும் திறப்பு வழியாகத்தான் மீனைத் தூளியில் படுக்க வைத்துத் தூக்க முடியும். இப்போது தூக்கிக் கடலில் விட்டால் உண்டு, இன்னும் இரண்டு மாதம் போனால் துடுப்பு இடிக்கும் என்றார். மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் நாளைக்குத் தள்ளுவதில் கைதேர்ந்தவர். விடுமுறைக் கூட்டம் முடியட்டும் என்றார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போகட்டும் என்றார். மூன்றாவது முறை, வாசலில் பாதியின் படத்தைப் போட்டு இப்போதுதான் புதுப் பலகை வைத்திருக்கிறோம், எடுத்த எடுப்பில் மீன் இல்லையென்றால் எப்படி என்று கேட்டார். பலகைக்காக மீனை வைத்திருந்த ஆளைப் பற்றி நான் அங்கேதான் கேள்விப்பட்டேன்.

தீனியக்கா அப்போதிருந்தே தினமும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனின் தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அது உரசி உரசித் திரை முழுக்கக் கீறல் விழுந்து வெளுத்துப் போயிருந்தது. புதுத் திரை வர நாளாகும். கிழக்கு மேடையில் நின்று பார்த்தால், எதிர்ச் சந்தில் கருப்பு உடுப்பும் கருப்பு சிலிண்டருமாகத் துடைத்துக்கொண்டிருக்கும் தம்பி சுத்தமாகத் தெரியவில்லை. எங்கே இருக்கிறான், எந்த உயரத்தில் இருக்கிறான், அசைகிறானா இல்லையா, ஒன்றும் தெரியாது. இரண்டு தட்டு கேட்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவள் தட்டுக்குப் புது வண்ணம் அடித்தாள். டப்பாவில் கொஞ்சம் மீந்தது. சுவரோரம் தம்பியின் சிலிண்டர் சாய்த்து வைத்திருந்தது. அவளுக்கு அந்த யோசனை வந்த வேகத்தைச் சொல்ல முடியாது. முதுகில் பளிச்சென்று ஏதாவது இருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆள் இருக்கும் இடம் தெரியுமே. குறுக்கே ஒரு கோடு இழுத்தாலே போதும். ஆனால் அவள் கை வட்டத்துக்குத்தான் பழகியிருந்தது. சிலிண்டரின் நடுவில், தட்டு அளவுக்கு, ஒரு வட்டம் போட்டாள்.

மூன்று பேர் அதைப் பார்த்தார்கள். முங்கி பார்த்துவிட்டு, என் முதுகில் சூரியனையே உதிக்க வைத்துவிட்டாயே என்று கிண்டல் செய்தான். கூடம் துடைக்கிற அம்மா அழகாக இருக்கிறது என்றாள். மேலாளர் கூட நின்று பார்த்து, கலர் எடுப்பாக இருக்கிறது, எல்லா சிலிண்டருக்கும் இப்படியே அடித்துவிடலாம் என்றார். ஒரு மீனுக்குப் பதினாலு மாதமாக ஒரே ஒரு பாடத்தை நடத்திய தீனியக்காவுக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தீனி தின்னும்போது நடுவில் பாதி ஒரு நிமிடம் நிறுத்தியது. அதன் பெரிய உருண்டைக் கண் பின்பக்கமாகச் சுழன்று மேற்கே பார்த்தது. வயிறு நிறைந்துவிட்டது போல என்று தீனியக்கா நினைத்துக்கொண்டாள். ஏணியில் இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. தட்டை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை வானம் சுத்தமாக இருந்தது. கூரைத் திறப்பின் கண்ணாடி வழியாக வெயில் சரிவாக இறங்கித் தொட்டியின் மேற்குப் பக்கம் விழுந்தது. கீழே கூடத்தில் துடைக்கிற அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முங்கி மேற்குச் சந்தில் இறங்கிவிட்டான். தீனியக்கா கிழக்கு மேடையில் மண்டியிட்டு முதல் பிடிக் கணவாயை ஊட்டினாள். இரண்டாவதை ஊட்டினாள். மூன்றாவதை மீன் உறிஞ்சித் துப்பியது, திரும்ப உறிஞ்சவில்லை. தட்டிலிருந்து மூக்கை எடுத்தது. விழுங்காமல் அது மூக்கை எடுத்ததே கிடையாது.

அது திரும்பியது. தீனியக்கா தட்டைத் தண்ணீரில் அடித்தாள். பாதி கண்டுகொள்ளவில்லை. அது போகும் திசையை நிமிர்ந்து பார்த்தாள். வெளுத்த திரைக்குப் பின்னால், வெயில் நேராக விழுந்த இடத்தில், ஆரஞ்சு வட்டம் ஒன்று மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. தம்பி துடைத்துக்கொண்டிருந்தான். கடலில் ஜெல்லிமீன் சுருங்கி விரிந்து மிதப்பது அப்படித்தான் இருக்குமென்று டாக்டரம்மா ஒரு தடவை கையை அசைத்துக் காட்டியிருந்தார். அவள் கையில் இருந்தது அசையாத தட்டு. அங்கே அசைகிற தட்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தம்பியின் பேரைச் சொல்லிக் கத்தினாள். தண்ணீருக்குள் இருப்பவனுக்கு எங்கே கேட்கும்? வட்ட மேடையைச் சுற்றி ஓடினாள். பாதி அவசரப்படவில்லை. துடுப்புகளை ஒரு வீச்சு, ஒரு நிதானம், இன்னொரு வீச்சு என்று வழக்கம் போலப் போனது. அவள் மேற்கு ஏணிக்கு வந்து கம்பால் இரும்பைத் திரும்பத் திரும்ப அடித்தாள். அவன் மேலே வந்துவிட்டான் என்று அவளுக்குச் சொல்லத்தான் சத்தம் வைத்திருந்தார்களே தவிர, மேலே வா என்று அவள் அவனுக்குச் சொல்ல ஒரு சத்தமும் வைத்திருக்கவில்லை. அவன் துடைப்பதை நிறுத்திவிட்டு, என்ன இது புதுசா என்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தான். அதற்குள் திரை அவன்மேல் வந்துவிட்டது.

பாதி இடிக்கவில்லை. சாய்ந்தது, அவ்வளவுதான். அரை டன் எடையும் திரையோடு சேர்ந்து அவனைக் கண்ணாடியில் ஒட்ட வைத்தது. பிறகு தன் மூக்கைச் சரியாக ஆரஞ்சு வட்டத்தின் நடுவில் வைத்தது. வைத்துவிட்டு, அவள் கற்றுக்கொடுத்தபடியே, காத்திருந்தது.

கீழே துடைக்கிற அம்மா நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடியில் ஒரு கன்னம் நசுங்கியிருந்தது. முகமூடி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. வாயில் இருக்க வேண்டிய காற்றுக்குழாய் தோளுக்குப் பக்கத்தில் தன்னந்தனியாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

மேலே தீனியக்கா கம்பை மீனின் தலையில் ஊன்றித் தள்ளினாள். விரற்கடைக் கணக்கில் தடித்த அந்தத் தோலுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. உருண்டைக் கண் மட்டும் மெல்லச் சுழன்று அவளைப் பார்த்தது. அதில் கோபம் இல்லை, பசி கூட இல்லை. சொன்னபடி செய்துவிட்டேன், கொடு என்று கேட்பது போல இருந்தது. தம்பிக்கு இரண்டரை நிமிடம். இதற்குப் பதினோரு நிமிடம். அந்த இரண்டு எண்களும் அவள் மண்டைக்குள் மோதிக்கொண்டன.

தள்ளி ஆகப்போவது எதுவும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. பாடத்தை முடித்தால்தான் அது போகும்.

திரும்பிக் கிழக்குக்கு ஓடி, வாளியிலிருந்து இரண்டு கை நிறையக் கணவாயை அள்ளிக்கொண்டு வந்து அப்படியே குதித்தாள். அவளுக்கு நீச்சல் அரைகுறை. முழங்கால் வரை இருந்த ரப்பர் பூட்ஸில் தண்ணீர் நிறைந்தது. அதுதான் அவளைக் கீழே கொண்டுபோனது. மீனின் விலாவில் உரசி முழங்கைத் தோல் உரிந்ததை அவள் பிறகுதான் பார்த்தாள். திறந்தே இருக்கும் அந்த வாய் கண்ணுக்கு நேராக வந்தது. உள்ளே பல்லெல்லாம் ஒன்றாகிக் கிளிமூக்கு மாதிரி இருந்தது. கணவாயைத் திணித்தாள்.

அது உறிஞ்சியது. துப்பியது. மறுபடி உறிஞ்சியது. அவசரம் என்ற ஒன்று அந்த உயிருக்குத் தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், தம்பியின் கை பிளாஸ்டிக்கை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு அழுத்துவதை நிறுத்தியது. தின்னு ராசா, தின்னு, விழுங்கித் தொலை என்று தண்ணீருக்குள் வாயைத் திறந்தே சொல்லிவிட்டாள். உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போனது. பாதி விழுங்கியது. திரும்பியது. வழக்கம் போல ஒரு சுற்றுப் போகக் கிளம்பியது.

திரை தளர்ந்தது. மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்திருந்த துடைக்கிற அம்மா, ஏணியில் இடுப்பளவு இறங்கி, தீனியக்கா போட்டுவிட்டுப் போன கம்பின் கொக்கியை அவன் தோள் பட்டையில் மாட்டி இழுத்தாள். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாது. பூட்ஸை உதறிவிட்டு மேலே வந்த தீனியக்கா, மேடையில் தம்பி கவிழ்ந்து கிடந்து தண்ணீராக வாந்தி எடுப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அப்புறம் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இரண்டு விலா எலும்பில் விரிசல் விட்டிருந்தது. நுரையீரலில் தண்ணீர் இறங்கியதற்கு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். விசாரணை நடந்தது. அந்த வட்டத்தைப் போட்டவள் நான்தான் என்று தீனியக்கா எல்லார் முன்னாலும் சொன்னாள். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அதெல்லாம் எதற்கு அறிக்கையில், சுரண்டிவிட்டால் சரியாகப் போயிற்று என்றார். சிலிண்டரைச் சுரண்டினார்கள். டாக்டரம்மா டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் பாதியை அளந்தார். துடுப்பு முனைக்குத் துடுப்பு முனை, கூரைத் திறப்பைவிட நாலு விரல் கூட இருந்தது. இனி அதை வெளியே எடுக்க வேண்டுமானால் கூரையின் உத்தரத்தை அறுக்க வேண்டும். அதற்கு ஆள் பார்த்து, அனுமதி வாங்கி, எப்படியும் நாலு மாதம் ஆகும்.

அதுவரை கண்ணாடி சும்மா இருக்குமா? பத்து நாளில் உள்பக்கம் பச்சைப் பாசி படர்ந்து, பாதி ஒரு மங்கலான பூதம் மாதிரி தெரிய ஆரம்பித்தது. பாதியோ பழையபடிதான் இருந்தது. கிழக்கில் தட்டை இறக்கினால் கிழக்குக்கு வந்தது, மேற்கில் இறக்கினால் மேற்குக்கு வந்தது. மூக்கை வைத்தது, காத்திருந்தது. நடந்ததெல்லாம் அந்த வண்ணத்தால் வந்த வினை, இனி ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். தீனியக்காவும் அரைமனதாக நம்பினாள்.

பதினோராவது நாள் காலை, திறப்பதற்கு முன்னால், முங்கி விலாவில் கட்டோடு வந்து நின்றான். அடுத்த திங்கட்கிழமை இறங்கப் போவதாகச் சொன்னான். கருப்பு சிலிண்டர், புது முடிச்சு, எல்லாம் சரியாக இருக்கும் என்றான். தீனியக்கா அவன் கட்டைப் பார்த்தாள். இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை கீழே நின்று அதைப் பார்த்துவிட்டு முடிவு செய் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். விளக்கு இன்னும் போடவில்லை. தொட்டியின் வெளிச்சம் மட்டும் தரையில் அலைந்துகொண்டிருந்தது. பாதி அந்தக் கோடியில் கூரைத் திறப்புக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்திருந்தது. வெயிலே இல்லாத மேகமூட்டத்தில் அது எதைக் காய்ந்ததோ தெரியாது. கண்ணாடியின் வெளிப்பக்கம் ஈரம் பூத்திருந்தது. முங்கிக்குச் சரியாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் துடைத்த கை. தன்னையறியாமல் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து மேலே இழுத்தான், கீழே இழுத்தான், மறுபடி மேலே இழுத்தான்.

பாதி நிமிர்ந்தது.

துடுப்புகளை ஒரு வீச்சு வீசியது. ஒரு நிதானம். இன்னொரு வீச்சு. பச்சை மங்கலுக்குள்ளிருந்து அந்தப் பெரிய தலை நேராக அவர்களைப் பார்த்து வளர்ந்துகொண்டே வந்தது. திரை உப்பியது. உப்பி, சந்து முழுக்க நிறைந்து, கண்ணாடியில் வந்து ஒட்டியது. பாதி தன் மூக்கை முங்கியின் உள்ளங்கைக்கு நேராக வைத்தது. அங்கே ஆரஞ்சும் இல்லை, வட்டமும் இல்லை. துடைக்கிற கை மட்டும்தான் இருந்தது.

முங்கி கையை எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டான்.

"தட்டைக் கத்துக்க இதுக்கு எவ்வளவு நாள் ஆச்சுக்கா?" என்று கடைசியில் கேட்டான்.

"மூணு வாரம்."

"இதுக்கு?"

தீனியக்கா தன் முழங்கையில் காய்ந்திருந்த புண்ணைப் பார்த்தாள். துடைக்கிறவன்மேல் அது மூக்கை வைத்தபோது அதற்குத் தீனி ஊட்டியது யார் என்று இருவருக்கும் தெரியும். "ரெண்டு கை கணவாய்," என்றாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து தன் நீச்சல் உடுப்பு இருக்கும் அலமாரியின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டாள். பாவம், இதற்கு என்ன தெரியும் என்று அந்த மீனைப் பார்த்து நினைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது காத்துக்கொண்டிருந்தது. அவர்கள் கூடத்தை விட்டு வெளியே வரும்போதும் அங்கேயேதான் நின்றது.

ஊழியர் வாசலில், அறிவிப்புப் பலகையில், மேலாளர் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. தொட்டிக் கண்ணாடி துடைக்க மாற்று ஆள் தேவை, முன் அனுபவம் அவசியமில்லை. தீனியக்கா நகத்தால் நெம்பி அதை உரித்தாள், நாலாக மடித்தாள், தீனி வாளிக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது அதே இடத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே பெஞ்சில், நீச்சல் உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.